செனோ எழுந்துவிட்டார்

ஜாவாத் தீவில் எங்கள் சோலோ நகரத்தில் குழந்தைகளுக்குப் பாடுகிறவர் எத்தனை வயதானாலும் அண்ணன்தான். தலைக்குச் சாயம் பூசி, மஞ்சள் கால்சட்டையும் உகுலேலே என்ற குட்டி கிட்டாருமாகப் பிறந்தநாள் வீடுகளில் குதித்த செனோவும் அப்படித்தான். பிறந்தநாள் விருந்தெல்லாம் விடுமுறையில்தான் வைப்பார்கள். ஆகவே மகள் ராத்ரிக்கு விடுமுறைகளில் அப்பா கிடைத்ததில்லை. கூடவே போனால் கோரஸில் நிற்கலாம், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து "அண்ணா" என்று கூப்பிடலாம்.

அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாளைக்குப் பாடாதீங்கப்பா. நான் வர்றப்ப நாற்காலியில இருங்க, போதும்."

"இருக்கேம்மா."

"காதுல என்ன சொல்லணும்னு யோசிச்சு வைங்க. பாட்டா சொல்லிடாதீங்க!"

எங்கள் கல்யாணங்களில் மணப்பெண் பெற்றவர்களின் முழங்காலில் நெற்றியை வைத்து, செய்த பிழையெல்லாம் பொறுக்கச் சொல்லிக் கேட்பாள். முதலில் அப்பா. அவர் அவள் காதோடு ஏதாவது சொல்வார். கூட்டமே அழுகிற இடம் அது.

காலையிலிருந்து செனோ ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கேலிக்காரர்கள், "என்னண்ணா, ஆணி அடிச்சுட்டாங்களா?" என்றார்கள். சிரித்துக்கொண்டார்.

ராத்ரி முழங்காலிட்டு நகர்ந்து வருகிறபோது பெரிய வெண்கல மணி அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை பயந்து வீறிட்டது. அவ்வளவுதான், செனோ எழுந்துவிட்டார். கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, தவளைபோல் தத்தி அதன் முன்னால் போய் நின்று பாடினார். குழந்தை அழுகையை நிறுத்தியது. அவர் பாட்டுக் கேட்டு வளர்ந்த அப்பாக்களும் அம்மாக்களும் கை தட்டி, "இன்னொண்ணு, செனோ அண்ணா!" என்றார்கள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். இன்னொன்றும் பாடினார்.

மணப்பெண்ணை நடத்திவந்த சடங்குக்கார அம்மாள் காலி நாற்காலியைப் பார்த்தாள். "காத்திருக்க முடியாது கண்ணு, வா," என்று அடுத்த நாற்காலிக்கு நகர்த்தினாள். ராத்ரி தாயின் மடியில் நெற்றி வைத்தாள். செனோ திரும்பி வந்தபோது அவள் மாமனார் முன்னால் குனிந்திருந்தாள்.

மனைவி சுலாஸ்த்ரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பிள்ளையைத் தூக்க அதுக்கு அம்மா இல்லையா?"

மகள் காரில் ஏறும்போது செனோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை.

"பரவாயில்லப்பா," என்றாள் ராத்ரி. "அந்தக் குழந்தை சிரிச்சுதா?"

"சிரிச்சுதும்மா. நல்லா சிரிச்சுது."

அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அது அவருக்கே கேட்டது. கையை விட்டுவிட்டார்.