ஒரு வேருக்குப் பதினொரு நாள்

தெருவில் அவருக்கு 'அகராதி' என்றுதான் பெயர். அரபுச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுவது அவர் வேலை. யார் சொல்லையும் கேட்காதது அவர் குணம். பெயர் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

அரபியில் பெரும்பாலும் மூன்றே எழுத்துதான் ஒரு வேர். அதிலிருந்து ஒரு குடும்பமே கிளம்பிவிடும். சொல்லுக்கு ஓர் அட்டை எழுதிச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்புவார். பறந்துவிடுமே என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்பார். பாதியில் எழுந்தால் எந்தச் சொல் யார் பிள்ளை என்று மறந்துபோகுமாம்! அதனால் ஒரு வேர் முடியும்வரை வீட்டுப் படி இறங்க மாட்டார். மனைவி அடுக்களையில் நின்றுகொண்டே சாப்பிடுவாள், பாவம்.

ர, ஹ, ம என்ற வேர் மேசையில் கிடந்தபோது தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். பயமா இருக்கு. நீ வந்து பக்கத்துல உக்காந்தா போதும்."

"நாலே நாள், முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"உன் நாலு நாள் எனக்குத் தெரியாதா!" என்று சிரித்தாள்.

சிரித்துவிட்டாளே, பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார் அந்த மடையர். வேரோ கிளைத்துக்கொண்டே போனது. ரஹ்மத் என்றால் கருணை. ரஹிம் என்றால் கருப்பை. அர்ஹாம் என்றால் ஒரு வயிற்று வழி வந்த உறவுகள். அதற்கு 'இரத்த உறவு' என்று எழுதுவதா, 'உடன்பிறந்தார்' என்று எழுதுவதா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். அட கடவுளே, அப்போதாவது உறைக்க வேண்டாமா?

வியாழக்கிழமை சாயங்காலம் தங்கை மகள் கூப்பிட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். அப்புறமென்ன, அவர் நிம்மதியாக அடுத்த அட்டையை எடுத்தார்.

பதினோராம் நாள் கடைசி அட்டையையும் கட்டிவைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்று விடியற்காலையில்தான் திடீரென்று தங்கையின் மூச்சு நின்றிருந்தது. கட்டில் காலி. தங்கை மகள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலி சும்மாதான் கிடந்தது.

"ஏம்மா நிக்கற? உக்காரு."

"நேத்து ராத்திரி வரைக்கும் அம்மா எங்க யாரையும் அதுல உக்கார விடல மாமா. அண்ணன் இப்ப வந்துடுவான்னு சொல்லிட்டே இருந்தாங்க."