சேர்வேயருக்குப் பைப் பழக்கியவன்

இந்தக் குளிர் தேசத்துக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறைக்குள் ஏழு பேர் படுத்த காலத்தில் எனக்கென்று இருந்தது சுவரோரம் ஒரு பாய் அகலம். அந்த அகலத்திலிருந்து எழும்பி வந்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இங்கிலிஷ் பழகியது ஒரு போர்த்துக்கீசக் கங்காணியிடம். அதனால் என் முதல் ஆறு மாத இங்கிலிஷில் பாதி போர்த்துக்கீசம் என்று பிறகுதான் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு சுவருக்கு ட்ரைவோல் பலகை அடித்தேன், பூசினேன், பிறகு எனக்கென்று ஒரு வான் வாங்கினேன், வானில் என் பெயரை எழுதினேன். ஸ்காபரோவில் வீடுகளுக்கு அடியில் நான் கட்டி முடித்த பேஸ்மென்ற்றுகளில் இன்று எத்தனை குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுப் பிள்ளை வளர்க்கிறது என்று எனக்கே கணக்கில்லை. இரண்டு பிளாசாக் கடைகளின் உட்கூரை என் வேலை. ஒரு கோயிலின் மடைப்பள்ளி என் வேலை. மூன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினேன். ரூஜில் இரண்டு கார் நிற்கிற கராஜோடு வீடு கட்டினேன், கராஜுக்குள் ஹீற்றரும் போட்டேன். இதெல்லாம் ஊர் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது. ஊரில் சண்டை முடிகிற அந்தக் குளிர்காலத்தில், அதே கராஜுக்குள், ஒரு மனிதனுக்குப் பைப்பில் புகையிலை பிடிக்கப் பழக்கினேன். அதை எழுதத்தான் இந்தப் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன்.

அந்த மனிதர் என் சம்பந்தி. இரண்டாவது மகளின் மாமனார். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். இங்கே வந்து இருபது வருடத்துக்குப் பிறகும் எல்லாருக்கும் அவர் 'சேர்வேயர்'தான். கல்யாணம் பேச வந்த அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உம்மட தகப்பனார் என்ன செய்தவர்?" நான் மறைக்கவில்லை. சுருட்டுக் கொட்டிலில் கூலிக்குச் சுருட்டுச் சுற்றினவர் என்றேன். நானும் பதினொரு வயதில் அங்கே குந்தினவன், புகையிலையின் நடுநரம்பை உரித்தெடுக்கிற வேலை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய வெகுநேரம் எடுத்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள், அதனால் கல்யாணம் நடந்தது. அவர் என்னை 'நீர்' என்பார், நான் அவரை 'அண்ணை' என்பேன். அந்தளவில் போய்க்கொண்டிருந்தது.

அவருடைய மூத்த மகள் புருஷனோடு, சண்டை நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தாள். தைப்பொங்கலுக்குப் பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. சேர்வேயர் தொலைக்காட்சிக்கும் போனுக்கும் நடுவில் நடந்து நடந்து கம்பளத்தில் தடம் விழுந்துவிட்டது என்று என் மகள் சொல்லி அழுதாள். கை நடுங்கத் தொடங்கியிருந்தது. டொக்டர் குளிசை கொடுத்தார்; விழுங்கமாட்டேன் என்றார். ஒரு பின்னேரம், கொட்டுகிற ஸ்னோவுக்குள், நாலு வீடு தள்ளியிருந்த தன் மகனுடைய வீட்டிலிருந்து நடந்து வந்து என் கராஜ் கதவைத் தட்டினார். கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு மரப் பைப். அவர் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் மிஞ்சியிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். ஐம்பது வருடம் அலுமாரிக்குள் கிடந்தது. ஒரு நாளும் நெருப்புக் காட்டியதில்லை. "வீட்டுக்க பத்தவேண்டாமாம் உம்மட மகள்," என்றார். "உமக்கு ஆட்சேபனை இல்லையெண்டால் இதில இருந்து..." அந்த மனிதர் என்னிடம் முதன்முதலாகக் கேட்ட உதவி அது.

பிளாசாவில் வாங்கிய புகையிலைப் பையைத் திறந்தார். செரிப்பழ வாசம் கராஜை நிறைத்தது. நனைந்த பஞ்சு போலிருந்த அதைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்தார். ஐந்து தீக்குச்சி. கன்னம் இரண்டும் குழிவிழ, இளநீர் உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சினார். இருமினார். நாக்கை வெளியே நீட்டிக் குளிர்காற்றில் ஆற்றினார்.

"என்ன காணும் உது! பையுக்க பழம் மாதிரி மணக்குது, வாயில வைச்சால் கொதிதண்ணி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணை, நீங்கள் பொயிலை பிடிக்கேல்லை. அடுப்பு ஊதுறியள்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உமக்கு உது தெரியுமோ?"

"எனக்கு உது மட்டும்தான் தெரியும்."

உண்மையில் நான் அதுவரை பைப்பைத் தொட்டதேயில்லை. ஆனால் இலை எனக்குத் தெரியும். எந்தத் தேசத்தில் விளைந்தாலும், எந்தச் சீமானின் வாயில் எரிந்தாலும் இலை இலைதான். பழவாசம் ஊட்டிய புகையிலை மூக்குக்கு விற்கிற சாமான் என்பதும், நாக்குக்கு அதில் ஒன்றுமில்லை என்பதும் பதினொரு வயதிலேயே எனக்குத் தெரியும். மறுநாள் நானே கார் எடுத்துப் போய், வாசம் ஒன்றும் சேர்க்காத வெறும் புகையிலை தேடி வாங்கிவந்தேன். ஈரமாகவே அடைக்க விடவில்லை. பேப்பரில் பரப்பி ஒரு மணித்தியாலம் காயவைத்தேன். விரலுக்கிடையில் கசக்கினால் ஒட்டவும் கூடாது, நொறுங்கவும் கூடாது. அடியில் தானாக விழவிட வேண்டும். நடுவில் சும்மா தொட வேண்டும். மேலேதான் கொஞ்சம் அமத்த வேண்டும். அமத்தியபின் வெறுமனே இழுத்துப் பார்த்தால் காற்று தடையில்லாமல் வர வேண்டும். முதல் நெருப்பு பிடிக்கிறதுக்கு அல்ல. மேல் இலை எழும்பிச் சுருளும், அதைப் பெருவிரலால் மெல்லத் தட்டிப் படுக்கவைத்து, பிறகு இரண்டாவது நெருப்பு. அதற்குப் பிறகு அவசரமே கூடாது. மூச்சு விடுகிற வேகத்தில்தான் இழுக்க வேண்டும், நெஞ்சுக்குள் இறக்கக் கூடாது, வாயில் வைத்திருந்து கொஞ்சத்தை மூக்கு வழியாக விட வேண்டும். ருசியில் பாதி மூக்கில்தான் இருக்கிறது. பைப்பைக் கன்னத்தில் வைத்துப் பார், சுட்டால் நீ ஓடுகிறாய், நில். அணைந்தால் அணையட்டும், திரும்பப் பற்றவைக்கிறது குற்றமில்லை. இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற மனிதருமில்லை. "நான் காணி அளந்தவன், எனக்கு அளவு தெரியும்," என்பார். திரும்பவும் நாக்கைச் சுடுவார். நான் பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பேன்.

மூன்றாவது கிழமை ஒரு பின்னேரம், பாதி எரிந்திருக்கும், பைப்பை வாயிலிருந்து எடுத்து அதைப் பார்த்தார். "இனிக்குது," என்றார். சீனி இனிப்பு இல்லை, பாண் ரொட்டி கருகிற விளிம்பில் ஒரு இனிப்பு இருக்குமே, அது. "முதல் வைக்கோல் மாதிரி இருந்தது. இப்ப வறுத்த கச்சான் கடலை மணக்குது. நீங்கள் சொன்னது சரி." நீங்கள் என்றார். நான் கவனியாத மாதிரி ஹீற்றரைத் திருப்பி வைத்தேன். அன்றைக்கு அந்த ஒரு பைப் முக்கால் மணித்தியாலம் எரிந்தது. அந்த முக்கால் மணித்தியாலம் கை நடுங்கவில்லை. அவசரப்பட்டால் நாக்குச் சுடும் என்பதால் மனிதர் மூச்சை நிறுத்தி நிதானித்துத்தான் விட வேண்டியிருந்தது. அப்படி விட்டால் மனசும் கொஞ்சம் நிற்கும். டொக்டரால் முடியாததை நான் செய்தேன். இது பெருமை இல்லை, நடந்தது.

மாசி, பங்குனி, சித்திரை. ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். வெளியே பிள்ளைகள் சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொடி பிடித்துக்கொண்டு நகரத்துத் தெருக்களில் நின்றார்கள். நாங்களும் ஒரு நாள் போய் நின்றோம், கால் விறைக்கத் திரும்பி வந்தோம். வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. பத்து நாள் கழித்து, அகதி முகாமிலிருந்த ஒரு தெரிந்த பெடியன் மூலம் செய்தி வந்தது. மகள் இல்லை. புருஷனும் இல்லை. அன்றும் வந்தார். பைப்பை என்னிடம் நீட்டினார், அவரால் அடைக்க முடியவில்லை. நான் அடைத்தேன், நான் பற்றவைத்துக் கொடுத்தேன். அடிவரை பிடித்தார். சாம்பலைத் தட்டும்போது சொன்னார்: "கடைசியாக் கதைச்ச அண்டைக்கு லைன் சரியில்லை, கத்திக் கத்திக் கதைச்சாள். பிறகு எடும் பிள்ளை எண்டு நான்தான் வைச்சன்." இதை அவர் தன் மனைவிக்குச் சொல்லவில்லை, மகனுக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார்.

சேர்வேயருடைய மகளின் முப்பத்தோராம் நாள் சாப்பாடு ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சாப்பிட்டு முடிய ஆம்பிளையள் கார் நிறுத்துமிடத்தில் நின்றார்கள். நான் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சேர்வேயர் பைப்பை அடைத்தார். அடியில் உதிர விட்டு, நடுவில் தொட்டு, மேலே அமத்தி, இரண்டு நெருப்புக் காட்டி, ஒரு பிசகில்லாமல். வங்கி மனேஜராக இருந்து இளைப்பாறிய ஒருவர் சொக்கிப்போய் நின்றார்.

"அண்ணை, உதை எங்க பழகினியள்? அசல் வெள்ளைக்காரன் மாதிரியெல்லே இருக்கு."

சேர்வேயர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கட துரையிட்டப் பழகினது. அவருக்கு என்னில வலு விருப்பம்."

"அதுதானே பாத்தன். உதெல்லாம் பரம்பரையா வரவேணும்," என்றார் மனேஜர்.

நான் ஆளுக்கொரு போத்தல் கொடுத்தேன். செத்தவீட்டுச் சாப்பாட்டில் நின்றுகொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவரோடு எதைக் கதைக்க முடியும்? மறுநாள் பின்னேரம் வழக்கம்போல வந்தார். நான் கதவைத் திறந்தேன். அவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குக் கேளாமல் விட்டது ஏழு வருடம் எனக்குள் கிடந்து புளித்தது. ஏழு வருடமும் அவருக்குப் புகையிலை காயவைத்துக் கொடுத்தவன் நான்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிறகு அவருடைய நாக்கோரத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. வெட்டி எடுத்துச் சோதித்தார்கள், பெரிய வருத்தம், புற்றுநோய் என்றார்கள். ஆசுப்பத்திரி விறாந்தையில் என் மருமகன் என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"மாமா, கோபிக்காதேங்கோ. நீங்கள்தானே அப்பாவுக்கு உதைப் பழக்கினது."

"ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும் மாமா."

என் மகள் பக்கத்தில் நின்றாள். "உங்கட கராஜாலதானப்பா வந்தது," என்றாள். பெற்ற தகப்பனைப் பார்த்துச் சொன்னாள். அந்த வங்கி மனேஜரும் ஒரு நாள் கோயிலில் வைத்துக் கேட்டார்: "அந்த மனிசனுக்கு ஏன் காணும் உந்தச் சனியனைப் பழக்கினீர்?" அவர் சொக்கிப்போய் நின்ற காலத்தில் அது வெள்ளைக்காரத் துரையின் வித்தை. புண் வந்த பிறகு சுருட்டுக்காரனின் வேலை. ஏழு வருடமாக ஒருவருக்கும் தெரியாத சங்கதி, ஒரே கிழமையில் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிட்டது.

நாக்கில் பாதியை எடுத்த பிறகு நான் பார்க்கப் போனேன். அறையில் வேறு ஆளில்லை. அவரால் கதைக்க முடியாது. என்னைக் கண்டதும் இடது கையைக் குழித்து வைத்து, வலது பெருவிரலால் அதற்குள் மெல்ல ஒருக்கால் தொட்டார், பிறகு ஒருக்கால் அமத்தினார். கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்கு விளங்கியது. விளங்கி என்ன? அதைப் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான்.

அவர் போய்ப் பதினொரு மாதம். முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலர் என் மேசையில் கிடக்கிறது. எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தேன். 'ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் நேர்த்தியாகப் பைப் புகைக்கக் கற்றிருந்தார்' என்று நாலாம் பக்கத்தில் இருக்கிறது. 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து' என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கதையில் நான் எந்தப் பக்கத்திலும் இல்லை, நன்றி சொன்ன இடத்தில் மட்டும் 'மண்டபக் கதிரை ஒழுங்கு' என்பதற்கு நேரே என் பெயர் கிடக்கிறது. எனக்குப் பழியை வாயால் சொல்கிறார்கள், துரைக்குப் பேரை அச்சில் போடுகிறார்கள்.

மருமகன், இது உங்களுக்குத்தான். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு மலர் அச்சுக்குப் போக முன்னம் படியுங்கள். பழி எனக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த இலையைத் தெரிந்து வாங்கியவன் நான், காயவைத்தவன் நான், நித்திரை வராத இரவுகளில் அந்தப் புண் என் நாக்கில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் தகப்பன் அந்த மாசியையும் பங்குனியையும் எப்படித் தாண்டினார் என்று வீட்டில் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை. ஆகையால் மூன்று வரி போட வேண்டும். 'பைப் புகைக்கப் பழக்கியவர் அவருடைய சம்பந்தி. அதனால்தான் அந்தக் குளிர்காலத்தில் உயிரோடு இருந்தார். அதனால்தான் பின்னர் நோயுற்று இறந்தார்.' மூன்று வரியையும் முழுதாகப் போடுங்கள், பாதியை வெட்டாதீர்கள். போட மனமில்லை என்றால், அட்டையில் போட வைத்திருக்கிற, அவர் பைப் பிடிக்கிற படத்தையும் மாற்றிவிடுங்கள். அந்தப் படத்தில் பைப் சூடேறாமல், மெல்லிசாய்ப் புகைந்து, சீராக எரிகிறது. அது என் வேலை.