வக்கீலய்யாவின் ஜீப் நின்ற நாள்

எம்.எல்.ஏ.வுக்கு ஜீப் ஓட்டுகிறவனுக்குக் கண் ரோட்டில் இருக்கணும், காது பின்சீட்டில் இருக்கணும், வாய் மட்டும் வீட்டிலேயே இருந்துவிடணும். தொண்ணூறுகளில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு அஞ்சு வருசம் அப்படி ஓட்டினேன். கோர்ட்டிலிருந்து அரசியலுக்கு வந்தவர்; எல்லாருக்கும் வக்கீலய்யா. பெரிய மனுசர்களுக்கு வண்டி ஓட்டி இடுப்பொடிந்த கூட்டாளிகளே, உங்களிடம்தான் சொல்லுகிறேன். நீங்களாவது முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுவீர்கள்.

சிமெண்டு ரோடு

என் சொந்த ஊரில் மேலத்தெரு வழியாகச் சுடுகாடு வரைக்கும் வக்கீலய்யா சிமெண்டு ரோடு போட்டுக் கொடுத்தார். திறப்பு விழாவன்று ஏழு இடத்தில் ஆரத்தி, ஜீப் முகமெல்லாம் குங்குமம். காலனியில் யாராவது செத்தால் மேலத்தெருக்காரர்கள் நாங்கள் பிணத்தைத் தெருவுக்குள் விடமாட்டோம்; காட்டைச் சுற்றித்தான் தூக்கிப் போகணும். அவர் மைக்கைப் பிடித்து, "இது அரசாங்கத்து ரோடு. தெருவுக்கும் பொது, காலனிக்கும் பொது. இருக்கிறவனுக்கும் பொது, செத்தவனுக்கும் பொது" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். ஊர்த்தலைவரும் தட்டினார். அவர் எனக்கு மச்சான் முறை. அவர் மகனுக்குத்தான் என் மகளைப் பேசி வைத்திருந்தோம். தட்டிக்கொண்டே என் காதில் சொன்னார்: "மாப்ள, ஒங்க ஐயா நல்லாப் பேசுதாவ. பேச்சோட நிறுத்திக்கிடுவாவல்லா?"

தீப்பெட்டி ஆபீஸ்

நிறுத்திக்கொள்ளவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு விடியுமுன்னே வேனில் அள்ளிப்போகிற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும் என்று சட்டசபையில் பேசிவிட்டு வந்தார். அவர் கட்சிக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

மறுநாள் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். போன தேர்தலுக்குப் போஸ்டர் அடித்துக் கொடுத்தவர். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. "வக்கீலண்ணாச்சி, நீங்க சட்டம் படிச்சவிய. அந்தப் பிள்ளையளுக்கு ராத்திரிச் சோறு எந்தச் செக்சன்ல இருக்குன்னு அதையும் சொல்லிட்டு வந்திருக்கலாம்லா?"

பேட்டரி வயர்

ஐப்பசி அடைமழை. எங்கள் ஊர்க் காலனியில் பேச்சியம்மாள் செத்துப்போனாள். காட்டுப்பாதையில் முழங்கால் சகதி. அவள் மகன் கோவில்பட்டிக்கு வந்து, ரோட்டு வழியாகத் தூக்கிப் போக முடியுமா என்று கேட்டான். வக்கீலய்யா உடனே கிளம்பிவிட்டார்.

தெருமுனையில் ஊர்த்தலைவர் மச்சானை முன்னால் விட்டு ஊரே மறித்து நின்றது. கூட வந்த போலீஸ்காரர்கள் குடைக்குள் நின்றார்கள். "பாடியை ஜீப்புல ஏத்துங்க. இவன் ஓட்டுவான். யாரு மறிக்கான்னு பாப்போம்" என்றார் ஐயா. மச்சான் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

நான் எஞ்சினை அணைத்துவிட்டு, தண்ணி பார்க்கிற மாதிரி இறங்கிப் பானட்டைத் திறந்தேன். பேட்டரி வயரைத் தளர்த்தினேன். ஏறிச் சாவியைத் திருப்பினேன். "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது ஐயா."

இன்னும் ரெண்டு தடவை சாவியைத் திருப்பிக் காட்டினேன். அப்புறம் பேச்சியம்மாள் மகன் சொன்னான்: "விடுங்கய்யா. அம்மைக்கு அந்தப் பாதை புதுசா என்ன?"

வக்கீலய்யா வேட்டியை மடித்துக் கட்டிப் பாடைக்குத் தோள் கொடுத்தார். இரண்டு செருப்பையும் கரிசல் வாங்கிக்கொண்டது.

எட்டயபுரம் விலக்கு

வெறுங்காலோடு திரும்பி வந்து வண்டியில் ஏறினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, வயரை நான் மாட்டவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கி, திறந்து, ஒரு திருகு. ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது.

திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். எட்டயபுரம் ரோடு பிரிகிற விலக்கு தாண்டினதும்தான் வாயைத் திறந்தார்: "ஒம் மக கல்யாணம் வைகாசியில தானப்பா? பத்திரிகை வை. நான் வாரேன்."

கல்யாண வீடு

சித்திரையில் தேர்தல். மேலத்தெரு அவருக்கு ஓட்டுப் போடவில்லை. காலனியிலும் பாதிப்பேர் போடவில்லை. தங்களோடு சகதியில் நடந்தவரை விட, ரோட்டில் கூட்டிப் போகிறவர் வேணும் என்று நினைத்தார்களோ என்னவோ. டெபாசிட் போச்சு.

ஆனாலும் கல்யாணத்துக்கு வந்தார். பஸ்ஸில் வந்து, அவர் போட்ட ரோட்டிலேயே தனியாக நடந்து வந்தார். மச்சான் ஓடிப்போய் மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார். பிறகு என் தோளில் கை போட்டு, பந்தலுக்கே கேட்கும்படி சொன்னார்: "ஐயா மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. நம்ம மாப்ள வண்டி அன்னைக்கு நின்னதாலதான ஊரு பொழைச்சுது!"

எத்தனையோ ரிப்பேர் வண்டியை இந்தக் கையால் ஓட வைத்திருக்கிறேன். ஓடுகிற வண்டியை நிறுத்தினது ஒரே ஒரு நாள், ஊரில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த வேலைதான்.