லாக்லனின் பையில் ஓட்டை

லாக்லன் ஸ்டீல் வாழ்நாள் முழுக்கத் தபால் வேன் ஓட்டினார். ஆனால் தெற்கு யூயிஸ்ட் தீவில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தபால் ஞாபகம் வராது. எங்கள் தீவில், தோல்பையில் காற்றை ஊதி நிரப்பி வாசிக்கும் பைக்குழல் வீட்டுக்கு ஒன்று இருக்கும், அதை ஊத வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். அந்தப் பைக்குழல் மக்கர் செய்தால் எல்லோரும் போய் நிற்கிற இடம் லாக்லனின் சமையலறை. மேசைமேல் இருக்கும் உருளைக்கிழங்குத் தட்டை ஒதுக்கிவிட்டு, வாத்தியத்தைக் கிடத்தி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்ப்பார். வைத்தியம் இலவசம், வசவும் இலவசம்.

அவர் பார்ப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பை. குழல்கள் சொருகும் வாய்களைத் தக்கையால் அடைத்து, பை கல் மாதிரி ஆகும்வரை ஊதி, ஒரு குவளைத் தேநீர் குடித்து முடியும்வரை அப்படியே விட்டுவைப்பார். இறுக்கம் குறையவில்லை என்றால் பைக்கு நோயில்லை. அடுத்தது ஊதுகுழாயின் அடியில் இருக்கும் தோல் வால்வு. உள்ளே போன காற்று திரும்பி வாய்க்கே வருகிறதா என்று பார்ப்பார். அப்புறம் மூட்டுகளில் சுற்றியிருக்கும் சணல் நூல். தளர்ந்திருந்தால் மெழுகு தேய்த்துப் புதிதாகச் சுற்றுவார். அப்புறம் தோளில் சாய்ந்து நின்று சுருதி பிடிக்கும் மூன்று ஒத்துக்குழல்கள். அவை பேராசைப்பட்டுக் காற்றைக் குடிக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். கடைசியிலும் கடைசியாகத்தான், விரல் வைத்து வாசிக்கும் குழலின் சீவாளி. இரண்டு நாணல் தகடுகள்தான் அது. ஆனால் சீவியதைத் திரும்ப ஒட்டவைக்க ஆண்டவனாலும் முடியாது.

“எடுத்த எடுப்புல சீவாளியில கத்திய வைக்கிறவன் சோம்பேறி,” என்பார் லாக்லன்.

எல்லாம் சரியாக இருந்துவிட்டால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். “பையில ஓட்டை இல்லப்பா. ஓட்டை உன்கிட்டதான் இருக்கு.”

இதைக் கேட்காத ஆள் தெற்குக் கோடியில் கிடையாது. நண்டுப் பொறி போடும் மர்டோ மக்கின்டயர் இதை ஒரு கல்யாண வீட்டில், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் வாங்கிக்கட்டிக்கொண்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு உறைக்குள் போன மர்டோவின் பைக்குழல் பிறகு வெளியே வரவேயில்லை. லாக்லனைக் கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள், வருஷக்கணக்காக இதே கதை.

அப்பேர்ப்பட்ட லாக்லனுக்குத்தான் போன குளிர்காலத்திலிருந்து தன் பையிலேயே ஓட்டை இருப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது.

மெட்டின் பாதியிலேயே காற்று போதாமல் ஒத்துகள் தள்ளாடின. பையைத் தக்கையடித்து ஊதி வைத்தார். ஒரு குவளைத் தேநீர் போய் இரண்டாவது குவளையும் ஆறியது. பை கல்லாகவே இருந்தது. அது எப்படி, எங்கேயோ தையலில் நூலளவு கசிகிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே கசிவை அடைக்கும் பதப்பசையைக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்தார். கசிவு நிற்கவில்லை. வால்வை மாற்றினார். நூலையெல்லாம் பிரித்துச் சுற்றினார். புது ஆட்டுத்தோல் பை வரவழைத்துக் கட்டினார். அதிலும் ஓட்டை என்றார். தோல் பதனிடுகிறவர்கள் எல்லாம் இப்போது திருடர்கள் என்றார்.

அவர் மனைவி எஃபியின் கண் பையின் மேல் இல்லை, அவர் மேல்தான் இருந்தது. அடுப்புக்குக் கரி அள்ளப் போகிறவர் பாதி வழியில் நின்று, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். யூயிஸ்ட்டில் மழை வருமா என்று யாராவது வானத்தைப் பார்ப்பார்களா? அதுதான் எப்போதும் வந்துகொண்டிருக்கிறதே. படுக்கையில் இரண்டு தலையணை போதாமல் மூன்றாவது கேட்டதையும் அவள் கவனித்தாள். டாக்டரிடம் போகலாமா என்று ஒரே ஒரு முறை கேட்டாள். “பைக்குழலுக்கு டாக்டர் நான்தான்,” என்று எரிந்து விழுந்தார்.

பிறகு, நாற்பது வருஷமாக ஊருக்குச் சொல்லிவந்ததை அவரே மீறினார். சீவாளியில் கத்தியை வைத்தார். மெல்லிய சீவாளிக்கு மெல்லிய மூச்சு போதும் என்பது அவருக்குத் தெரியாததா? வசந்த காலத்தில் கொஞ்சம் சீவினார், கோடையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒவ்வொரு முறையும் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும், பிறகு மறுபடியும் பையில் ஓட்டை விழுந்துவிடும். பாவம், மனிதர் இதை உண்மையிலேயே நம்பினார். நம்பாவிட்டால் வேறொன்றை நம்ப வேண்டியிருக்குமே.

இந்த லட்சணத்தில்தான் அவர் அண்ணன் ஆர்ச்சி படுத்த படுக்கையானார்.

ஆர்ச்சி ஒரு காலத்தில் கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி தாண்டியவர். வயிற்றில் வந்த நோய் அவரைக் கரைத்துவிட்டது. கடைசி வாரங்களில் போர்வைக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியாது. மூச்சு வாங்குகிற லாக்லனே அவரைத் தனியாகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பார். பிறந்து இரண்டு நாளான ஆட்டுக்குட்டி கூட இன்னும் கொஞ்சம் கனக்கும்.

“டேய், கல்லறை மேட்டுக்கு என்னத் தூக்கிட்டுப் போறப்ப நீதான் ஊதணும்,” என்றார் ஆர்ச்சி.

“உன் மக ஷோனா என்னைவிட நல்லா ஊதுறாளே அண்ணே.”

“அவ அழுவா. அழுதுக்கிட்டு ஊதுனா சுருதி போயிடும். நீ கல்லுளிமங்கன், அழமாட்ட. வேற எவனாவது ஊதினான்னா பெட்டிய உதைச்சித் தள்ளிட்டு எந்திரிச்சி வருவேன், பாத்துக்க.”

லாக்லன் சிரித்துக்கொண்டே சரி என்றார். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆர்ச்சி செத்த மறுநாள், அவர் வீடு முழுக்க ஜபமாலை சொல்லும் சத்தமாக இருக்க, ஷோனா சித்தப்பாவைத் தேடிக்கொண்டு லாக்லனின் சமையலறைக்கு வந்தாள். லாக்லன் பைக்குழலை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. சாப்பிட்ட மாதிரியும் தெரியவில்லை.

“என்ன சித்தப்பா, என்ன ஆச்சு?”

“ஓட்டை. எங்கன்னே தெரியல. நாளைக்கு உங்கப்பனைத் தூக்கறாங்க, இது எமனாட்டம் காத்தைக் குடிக்குது.”

“பூட்டுங்க, நான் பாக்கறேன்.”

அவர் பூட்டிக் கொடுத்ததை அவள் வாங்கி ஊதினாள். ஒத்துகள் மூன்றும் ஒன்றாகக் குரலெடுத்தன. இரங்கல் மெட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, ஓர் இடத்திலும் தடுமாறாமல் ஊதினாள். பதப்படுத்திய தோலில் ஒரு சொட்டுக் காற்று கசியவில்லை. சீவாளி மட்டும் கொஞ்சம் கீச்சென்றது, பாவம், அதில் என்ன மிச்சம் இருக்கிறது.

அவள் ஊதுகுழாயை வாயிலிருந்து எடுத்தாள். அவளும் அந்தச் சமையலறையில் வளர்ந்தவள்தான். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்து என்ன தீர்ப்பு என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“நான் ஊதட்டுமா சித்தப்பா?” என்றாள். “அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

“வையி கீழ.”

“இல்ல சித்தப்பா, அந்த மேடு…”

“வையின்னு சொன்னேன்ல! சீவாளிதான் கோளாறு. உனக்குத் தெரியல. வெச்சிட்டுப் போ.”

அவள் போனபிறகு லாக்லன் அந்தச் சீவாளியை எடுத்து விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தகட்டின் நுனியில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. வேறொருவன் இப்படி ஒரு சீவாளியைக் கொண்டுவந்திருந்தால் கொலைகாரா என்று திட்டி அனுப்பியிருப்பார். கத்தியை எடுத்து இன்னும் ஓர் இழை சீவினார். ஆண்டவனே, ஒரே ஒரு மேடு, அதற்கப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று வாய்விட்டே கேட்டார்.

அதுவும் போதாது என்று அவருக்கே தெரிந்தது. ஆகவே இந்தத் தீவில் மானமுள்ள எவரும் செய்யாத காரியத்தைச் செய்தார். மூன்று ஒத்துக்குழல்களில் இரண்டின் வாயில் தக்கையைத் திணித்து ஊமையாக்கினார். ஒரே ஒத்து என்றால் காற்று குறைவாகச் செலவாகும். வெளியூர்க்காரர் கேட்டால் வித்தியாசம் தெரியாது. எங்கள் ஊரில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

மறுநாள் கடலிலிருந்து குளிர்ந்த காற்று அடித்துக்கொண்டிருந்தது. பூசை முடிந்து, வண்டி சாலை முடியும் இடம்வரை பெட்டியைக் கொண்டுவந்தது. அங்கிருந்து கல்லறை மேடு வரைக்கும் தோளில்தான். ஆண்கள் இரண்டு வரிசையாக நிற்பார்கள், ஒருவர் “மாத்து!” என்று குரல் கொடுத்தால், சுமந்தவர்கள் விலகி அடுத்தவர்கள் தோள் கொடுப்பார்கள். தோள் மாறுகிற நேரத்தில் மட்டும் ஊதுகிறவரும் நிற்கலாம், அதில் குற்றமில்லை. வழக்கமாக மேட்டின் அடிவாரத்தில் ஒரு முறை, பாதியில் ஒரு முறை, வேலிக் கதவுக்கு முன்னால் ஒரு முறை. அன்றைக்குக் குரல் கொடுக்கும் பொறுப்பு பக்கத்து நிலக்காரரான மர்டோவுடையது.

லாக்லன் பெட்டிக்கு முன்னால் போய் நின்று பையைத் தட்டி ஊதினார். ஒற்றை ஒத்து எழுந்தது, காற்றில் அனாதையாக. பின்னால் நின்ற ஆண்கள் யாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் மர்டோவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. ஷோனா தரையைப் பார்த்தாள்.

அடிவாரம் போய்ச் சேரவில்லை, அதற்குள் மார்பில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போலிருந்தது லாக்லனுக்கு. மெட்டு இழுத்துக்கொண்டது. இதோ நிற்கப்போகிறது, ஊரே பார்க்க அண்ணனை நடுவழியில் விடப்போகிறேன் என்று அவர் கலங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“மாத்து!”

இவ்வளவு சீக்கிரமாகவா? லாக்லன் மூச்சை வாரி வாரி இழுத்தார். தோள் மாறியது. சாவகாசமாக மாறியது. மறுபடி ஊதினார், நடந்தார். நாலு எட்டுக்கூட நிம்மதியாக வைத்திருக்கமாட்டார்.

“மாத்து!”

அட பாவி, பழி வாங்குகிறான் என்று நினைத்தார் லாக்லன். கல்யாண வீட்டுக் கணக்கை என் அண்ணன் சாவில் வந்து தீர்க்கிறான், மெட்டை முழுசாக ஊதவிடாமல் துண்டு துண்டாக்குகிறான். கோபத்தில் கண் இருட்டியது. ஆனால் அந்தக் கோபத்தோடேயே கிடைத்த மூச்சையும் எடுத்துக்கொண்டார். ஊதினார். கால் பின்னியது. மேட்டின் பாதியில் சீவாளி கீச்சிட்டது, விரல்கள் மரத்துப்போயின. “மாத்து!” மறுபடி சில அடிகள். “மாத்து!” பெட்டி ஒரு தோளிலும் தங்கவில்லை. முதல் முறை சுமந்தவர்களே திரும்பவும் சுமந்தார்கள், அதற்கப்புறமும் திரும்பச் சுமந்தார்கள். அந்த மேட்டில் ஒரு பெட்டி ஏற அவ்வளவு நேரம் பிடித்ததை எங்கள் ஊர் பார்த்ததில்லை.

வேலிக் கதவைத் தாண்டினார்கள். மெட்டின் கடைசி அடியை லாக்லன் ஊதி முடித்தார். ஊதினார் என்று சொல்வதா, கக்கினார் என்று சொல்வதா தெரியவில்லை, ஆனால் முடித்தார். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

மண் போட்டு முடிந்தபிறகு, சுவரோரத்தில் விஸ்கி பாட்டிலும் கண்ணாடிக் கிண்ணமும் கைமாறின. மர்டோ ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு லாக்லன் உட்கார்ந்திருந்த கல்லருகே வந்தார். லாக்லன் அதை வாங்கவில்லை.

“ஏன்டா… ஏன்டா அத்தனை வாட்டி நிறுத்தின?” மூச்சுக்கு நடுவே வார்த்தைகள் தனித்தனியாக வந்தன. “என் அண்ணன்டா அவன்.”

மர்டோ கடல் பக்கம் பார்த்தார். “ஆர்ச்சி செம கனம் லாக்லன். தோள் தாங்கல.”

“ஆமாமா,” என்றார் பக்கத்தில் நின்றவர், தோளைத் தேய்த்துக்கொண்டே. “நல்ல கனம்.”

“எலும்பு கெட்டியான குடும்பம்,” என்றார் இன்னொருவர். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

லாக்லன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஆர்ச்சியை ஆம்புலன்ஸுக்குத் தூக்கிப் போனதே இந்த மர்டோதான். போர்வையோடு சேர்த்து ஒரு கையில் அள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் கதவைத் திறந்தார். அதை லாக்லனே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

கல்லுளிமங்கன் என்று அண்ணன் நம்பிய மனிதர் அப்போதுதான் அழுதார். அழவும் மூச்சு போதவில்லை. முதுகு குலுங்கியது, சத்தம் வரவில்லை. ஷோனா ஓடிவந்து அவர் பக்கத்தில் ஈரப் புல்லில் மண்டியிட்டாள்.

“பையில ஓட்டை இல்லடா மர்டோ,” என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

மீதியை மர்டோ சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அவரைவிட உரிமையுள்ளவர் அந்த மேட்டில் வேறு யாருமில்லை. எத்தனையோ வருஷமாக அதை நெஞ்சில் வைத்திருந்தவர் அவர். அதற்குப் பதில் அவர் குனிந்து, லாக்லனின் மடியிலிருந்த பைக்குழலை எடுத்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். இன்னொரு கையை நீட்டினார்.

“எந்திரி, மெதுவா போவோம்,” என்றார். “எனக்கும் தோள் வலிக்குது.”