ஆடி அமாவாசையும் ஆட்டுத் தோளும்

எண்பதுகளில் நாங்கள் பிளாக்ஹவுஸ் பே என்ற கடலோர ஊரில் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். மனைவி இறந்து நாலைந்து மாதம்தான். அந்தத் தென்கோடி நாட்டின் ஜூலைக் குளிரில் ஒரு மாலை எங்கள் கதவைத் தட்டி, எலும்பு நீக்கிய ஆட்டுத் தோளிறைச்சியையும் கறை படிந்த ஓர் அட்டையையும் நீட்டினார். அட்டையில் மனைவியின் கையெழுத்தில் சமையல் குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பிறந்தநாளாம். வருடா வருடம் இதைத்தான் சமைப்பாளாம். தனக்கு முட்டை அவிக்கவும் தெரியாது, இன்னும் ஒரே ஒரு தடவை அந்த ருசி வேண்டும் என்றார். நான் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

அவர் போன பிறகுதான் என் கணவர் ஊரிலிருந்து தபாலில் வந்த நாட்காட்டியைக் காட்டினார். ஞாயிறு ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கும் விரதம். வழக்கமாக ஆண்பிள்ளைகள் பிடிப்பது. ஊரில் யுத்தம் தொடங்கி, தம்பிமார் எந்த நாட்டில், எந்த முகாமில் என்றே தெரியாத காலம் அது. அப்பாவுக்கு நான்தான் பிடித்தேன்.

"விரதத்தோட இறைச்சியைத் தொடப் போறீரோ?"

"சமைக்கத்தான் போறன், தின்னப் போறேல்லை. அந்த மனுசனுக்கு வேற ஆர் இருக்கினம்?"

ஞாயிறு காலை அவருடைய அடுப்படியில் நின்றேன். பெருஞ்சீரகம் போடாமல் நான் இறைச்சி சமைத்ததே இல்லை. அன்று கையை அடக்கிக்கொண்டு அட்டைப்படியே செய்தேன்: ரொட்டித்தூள், வெங்காயம், சேஜ் என்ற வாசனை இலை, உலர்ந்த அப்ரிகாட் பழம். உள்ளே அடைத்து, சுருட்டி, நூலால் கட்டி ஓவன் அடுப்புக்குள் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பல் கிடுகிடுக்க இரண்டாம் தரம் தலைக்கு வார்த்தேன். பூசணியையும் வற்றாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பெரிய துண்டுகளாக வெட்டி, மிளகு தூவி என் ஓவனில் வாட்டினேன். அப்பாவுக்குச் சோற்றோடு படைத்தேன். காகம் இல்லாத ஊரில் ஒரு கடற்பறவை வந்து கொத்திவிட்டுப் போனது. மிச்சத்தில் ஒரு பாத்திரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

நாங்கள் விரதச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய் அவரோடு மேசையில் உட்கார்ந்தோம். நூலை அவிழ்த்துத் துண்டு போடும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. உப்பு! எங்கள் வீட்டில் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் சரிசெய்வேன். ருசி பார்க்கக் கூடாத நாளில் உப்பே மறந்துபோயிருந்தது. கேட்ட ஒரேயொரு உதவியையும் கெடுத்துவிட்டேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுப்படி வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு உப்புக் குப்பியை எடுத்து அவசர அவசரமாக உதறினார். ஒரு வாய் வைத்தார். கத்தியும் முள்ளுக்கரண்டியும் அப்படியே நின்றன.

"இதேதான்" என்றார். "என் இரத்த அழுத்தத்துக்குப் பயந்து அவள் உப்பே போடமாட்டாள். குழம்பு எடுக்க அவள் உள்ளே போகும்போது நான் களவாகப் போட்டுக்கொள்வேன். முப்பது வருடம். ஒவ்வொரு தடவையும் பிடித்துவிடுவாள்."

மறுபடி வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. கை தானாகக் குப்பியிடம் போனது.

நான் எட்டி அந்தக் குப்பியைப் பறித்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். தெரிந்த இங்கிலீஷில், கொஞ்சம் கோபமாகவே, "போதும், இனி இல்லை" என்றேன்.

அவர் அழுதுகொண்டே சிரித்தார். பிறகு நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டு முடித்தார்.