சரோஜாவின் கை

எண்பதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழக மாணவர் வீடியோ கேமராவுடன் வந்தார். மனித அசைவுகளைக் கணினிக்கு அடையாளம் காட்டும் ஆய்வாம். கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரியான சரோஜாவையே படம்பிடித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் ஆபீஸ் டிவியில் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்.

“பறிக்கிறது, நடக்கிறதுன்னு எல்லாத்துக்கும் பேர் வெச்சிட்டேன். இது என்ன வேலை, அக்கா?” என்று என்னைக் கேட்டார்.

பார்த்தேன். சரோஜாவின் கை, கொழுந்தை அள்ளி, முன்னால் நின்ற என் முதுகுக்கூடைக்குள் போட்டது.

“ஏன்டி?” என்றேன் சரோஜாவிடம்.

“மாசமா இருக்கே. ஒனக்குக் கொழுந்து எடை கொறஞ்சு கூலி போயிடக் கூடாதுலா,” என்றாள்.

எத்தனை நாள் அவளை மனத்துக்குள் திட்டியிருப்பேன்! இன்றும் அவள்மேல் பொறாமைதான், அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்று.