மில்லிகிராம் காணாத கனவு

எடைக்கல்லை அவர் விரலால் தொட மாட்டார். மரப்பெட்டிக்குள் குழி குழியாகப் படுத்திருக்கும் பித்தளைக் கற்களை மெல்லிய தோல்துணி கொண்டுதான் எடுப்பார். "வேர்வைக்கும் எடை இருக்கு" என்பார், கேட்காதவர்களிடமும். முதலில் தராசின் கால்களைத் திருகி, அதன் பக்கவாட்டில் இருக்கும் நீர்க்குமிழி வட்டத்தின் நடுவே வந்து நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் கல்லைத் தட்டின் நடுவில் வைப்பார். அப்புறம் ஒவ்வொரு மூலையிலும். நடுவில் உண்மை பேசும் தராசு மூலையில் பொய் சொல்லும் என்பது முப்பது வருட அனுபவம். நாலு மூலையும் ஒரே பேச்சாகப் பேசினால்தான் கம்பியில் ஈயவில்லையைக் கோத்து, இடுக்கியால் நசுக்கி, முத்திரை வைப்பார்.

கடை கடையாகப் போய்த் தராசு சோதிக்கும் அரசு ஆய்வாளர் அவர். கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மில்லிகிராம். தெருமுனையில் அவருடைய பெட்டி தெரிந்ததுமே "மில்லிகிராம் வர்றார்" என்று கடைக்குக் கடை தகவல் பறந்துவிடும். அவருக்கும் இது தெரியும். கோபம் இல்லை. "கிராம்னு வெச்சிருந்தா வருத்தப்பட்டிருப்பேன்" என்று ஒருமுறை மனைவியிடம் சொன்னார். அவர் வேடிக்கைக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

உத்தேசமாக, ஏறக்குறைய, ஒரு மாதிரியாக என்பதெல்லாம் அவர் வாயில் நுழையாது. ரயில் நிலையத்துக்கு வழி கேட்ட ஒருவரிடம், "நடந்தா பதினோரு நிமிஷம். அந்தப் பையோட நடந்தா பதிமூணு" என்றார். காய்கறிக்கடை அம்மாளுக்கு அவரைச் சீண்டிப் பார்ப்பதில் ஒரு குஷி.

"ஏன் சார், வீட்டம்மா மேல எவ்ளோ பிரியம்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?"

"அதுக்கு எங்க ஆபீஸ்ல கல் குடுக்கல" என்றார், குமிழியிலிருந்து கண்ணெடுக்காமல். கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது தகவல்.

அளக்க முடியாததைப் பேசக்கூடாது என்று அவர் ஒன்றும் சபதம் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியே பழகிப்போயிற்று. மகள் வீட்டிலிருந்தவரை அது தெரியாமல் இருந்தது. அவளே மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகு சாப்பாட்டு மேசையில் மிஞ்சியது "போதும்", "உப்பு சரியா இருக்கு", "மழை வரும், குடை எடுத்துக்க" என்கிற மூன்றும்தான். மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை. பகலெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாயே திறக்காத மனிதரிடம் வந்து சேருவாள். "ஒருநாள் உங்களை எங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இடுக்கி போட்டுத் திறக்கட்டும்" என்பாள்.

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு இருநூற்று அறுபத்தெட்டு என்று வந்தது. டாக்டர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எண்ணுக்கு மரியாதை தருகிறவர் மாத்திரைக்கும் தந்தார், ஒருநாள் தவறவில்லை. ஒன்பதாம் நாள் காலை, வெண்ணெய் தடவாத ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, புகார் கொடுப்பவர் போன்ற குரலில் சொன்னார்:

"நேத்து நம்ம பீரோவுக்குள்ள கடல் இருந்துச்சு."

மனைவி அடுப்படியிலிருந்து திரும்பினாள். "என்னது?"

"கடல். என் சட்டையெல்லாம் நீந்திக்கிட்டு இருந்துச்சு. உங்கப்பா கரையில உக்காந்து பட்டன் பொறுக்கிட்டு இருந்தார்."

"எங்கப்பாவா! செத்தும் மனுஷனுக்கு வேலை ஓயல பாரு." சிரித்துக்கொண்டே எதிரே வந்து உட்கார்ந்தாள். "எவ்ளோ பெரிய கடல்?"

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"தெரியல" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அதன்பின் அநேகமாக எல்லா இரவும் கனவு. தெருவிளக்குகள் முடிவெட்டிக்கொள்ள வரிசையில் நின்றன. மாடிப்படி ஒன்று அவருக்கு முன்னால் மூச்சிரைக்க ஓடியது. அலுவலக மேலாளர் ஒரு பெரிய தபால்தலையாகி, தன்னை எங்கேயாவது ஒட்டிவிடும்படி கெஞ்சினார். இதையெல்லாம் அவர் காலையில் வந்து ஒப்பிக்க வேண்டியிருந்தது. மனதில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனால் பித்தளைக் கற்கள் நடுவே தபால்தலை எட்டிப் பார்க்கும். மனைவி கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொள்வாள். அவர் நிறுத்தினால் "அப்புறம்?" என்பாள். அவளுடைய அந்த "அப்புறம்?" அவரை இழுத்துக்கொண்டே போகும். பல்வலியோடு காத்திருப்பவர்களுக்கெல்லாம் தபால்தலை கதை சொல்லியிருக்கிறாள் என்று பிறகு தெரியவந்தது. மகள் போனில், "அம்மா, அப்பா பேசறாராமே! எனக்கும் ஒரு நாள் போட்டுக் காட்டேன்" என்றாள்.

காலையில் கலகலப்பு, பகலில் களைப்பு. தூங்கி எழுந்தவர் போலவே இல்லை, இரவெல்லாம் எங்கோ வேலை பார்த்துவிட்டு வந்தவர் போல இருந்தார். ஒருநாள் ரொட்டிக்கடைத் தராசுக்கு முத்திரை வைத்துவிட்டுப் பஸ் ஏறினார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பார்த்த மூலைகளை விரல்விட்டு எண்ணினார். இறங்கித் திரும்பி நடந்தார்.

"என்ன சார், ஏதாவது குத்தமா?" ரொட்டிக்கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"உங்க மேல இல்லைங்க. என் மேல. நான் மூணு மூலையத்தான் பாத்தேன்."

தானே வைத்த முத்திரையைத் தானே வெட்டினார். நாலாவது மூலையில் கல்லை வைத்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. "அதான் சரியா இருக்கே சார், விடுங்க" என்றார் கடைக்காரர். அவர் மறுபடி ஈயவில்லையைக் கோத்து நசுக்கினார். அன்று பார்க்க வேண்டிய கடைகள் இன்னும் ஐந்து இருந்தன. ஒன்றுக்கும் போகவில்லை. நேரே டாக்டரிடம் போனார்.

"இந்த மாத்திரை சிலபேருக்குக் கனவைக் கிளப்பி விடும். நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்றார் டாக்டர். வேறு வகை மாத்திரை எழுதித் தந்தார், காலையில் போடுவது.

வீட்டில் சொன்னபோது, "நல்லதுதாங்க. தூக்கம் முக்கியமில்லையா?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, மடித்து வைத்த துண்டையே எடுத்து மறுபடி மடித்தாள்.

ஐந்தாம் நாளோடு கனவு நின்றது. தூக்கம் பாறை மாதிரி வந்தது. மூன்று காலை அவள் "நேத்து?" என்று கேட்டாள். மூன்று காலையும் அவர் "ஒண்ணுமில்ல" என்றார். நாலாம் காலை அவள் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு ரேடியோ போட ஆரம்பித்தாள்.

ஊசிமுனை நகர்வைக் கண்டுபிடிக்கிற கண், இதைப் பார்க்காமல் இருக்குமா? கனவு இருந்த நாட்களில் காலைச் சாப்பாடு பத்தொன்பது நிமிடம். இப்போது எட்டு. ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருக்க, மழை வரும் என்கிற அவருடைய வசனமும் கையை விட்டுப் போயிற்று.

அலமாரி இழுப்பறையில் பழைய மாத்திரை பதினொன்று மிச்சமிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெட்டிப்போட்ட முத்திரை கண்முன் வந்தது. வைத்துவிட்டார்.

பின்னே இருந்தது ஒரே வழி. முப்பது வருடம் அடுத்தவர் கள்ளத்தராசைக் கண்டுபிடித்தவர், தாமே ஒன்று செய்வது என்று முடிவு செய்தார். வேலைக்குப் போகும் பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கனவு தயாரித்தார். சுலபமாக இல்லை. முதல் நாள் ஒரு வாத்து கிடைத்தது. அது தெருவில் நடந்தது. நிஜ வாத்தும் அதைத்தான் செய்யும் என்று படவே, மறுநாள் அதைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றினார். அதற்கு மறுநாள் மூக்குக்கண்ணாடி மாட்டினார். நாலாம் நாள் பூராவும் வாத்து என்ன பேசும் என்று யோசித்தும் ஒன்றும் வரவில்லை. பேசாத வாத்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அது தமக்குத் தெரிந்த விஷயம்.

இந்த வாரம் ஒரு காலை. மனைவி சாப்பிட்டு முடித்து, பையைத் தோளில் மாட்டி, செருப்பும் போட்டுக்கொண்டு, நின்றவாக்கிலேயே கடைசி வாய் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். ஏழு நாற்பத்திரண்டு பஸ்ஸுக்கு நாலு நிமிடம்.

"நேத்து ஒரு கனவு" என்றார்.

அவள் கை ரேடியோவுக்குப் போய் அதை அணைத்தது. "மாத்திரையத்தான் மாத்தியாச்சே?"

"மிச்சம் மீதி போல."

"சொல்லுங்க."

"இந்த மேசைமேல ஒரு வாத்து. வெள்ளை வாத்து. மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு நின்னுச்சு." இதுவரை பஸ்ஸில் செய்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் தன் போக்கில் மேலே போயிற்று. "நாலு கிலோ இருநூறு கிராம்."

அவள் கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"எவ்ளோ?" என்றாள்.

"நாலு கிலோ..." என்றார். "இருநூறு."

பீரோவுக்குள் வந்த கடலுக்கு அளவு தெரியாத மனிதர் அவர். அதை அவளும் மறக்கவில்லை என்பது அவள் பார்வையில் தெரிந்தது. கல்லைத் தட்டில் வைக்கும்போது கள்ளத்தராசுக்காரர்கள் ஏன் சுவரிலிருக்கும் காலண்டரைப் பார்க்கிறார்கள் என்று முப்பது வருடமாக அவருக்குப் புரிந்ததில்லை. இப்போது அவர் காலண்டரைப் பார்த்தார்.

வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் தோளிலிருந்த பையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினாள். செருப்பைக் காலாலேயே உதறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பஸ் நின்று, யாருக்கோ காத்திருந்து, கிளம்பிப் போனது.

"கண்ணாடி யாரோடது? உங்களோடதா, அதோட சொந்தமா?"

அவர் வாயைத் திறந்தார். பஸ்ஸில் அவர் அதுவரை தயாரிக்கவில்லை.

"மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். மேசை நடுவே இருந்த தேநீர்க் கோப்பையையும் ரொட்டித் தட்டையும் ஓரமாக நகர்த்தி, வாத்து நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள்.